பழைய செஸ்னா 152 பயிற்சி விமானத்தில் பிளீட் செய்த பிறகும் இடது பிரேக் மெல்ல இறங்குகிறது. எங்கே பார்ப்பது?

கேள்வியில் சொல்லியிருப்பது: இடது பெடலை மிதித்துப் பிடித்திருந்தால் மெல்ல இறங்குகிறது, பம்ப் செய்தால் எழும்புகிறது, பிளீட் செய்தும் (லைனிலிருந்து காற்றை வெளியேற்றியும்) அதே கதை, வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. கேட்கிற விதத்தைப் பார்த்தால் ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) படித்துக்கொண்டு ஏதோ ஒரு ஹாங்கரில் பயிற்சியில் இருக்கிறீர்கள், மேலே இருப்பவர் "மறுபடியும் பிளீட் பண்ணு" என்று விரட்டுகிறார். சரியா?

பிளீட் செய்வதை நிறுத்துங்கள். காற்று இருந்தால் பெடல் மெத்தென்று இருக்கும். கெட்டியாகத் தொடங்கி மெல்ல இறங்குவது வேறு நோய். 152-இல் பெடல் மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர்கள் இரண்டும் இடது இருக்கையின் ரட்டர் பெடல்களில்தான் இருக்கின்றன. வலது இருக்கைப் பெடல்கள் அவற்றோடு இணைக்கப்பட்டவை. சிலிண்டருக்குள் ஓ-ரிங் (எண்ணெயை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையம்) தேய்ந்தால் எண்ணெய் பிஸ்டனைத் தாண்டி மேலே தன் தொட்டிக்கே திரும்பிவிடும். அப்புறம் தரையில் எங்கே சொட்டும்? சந்தேகம் தீர, லைனைச் சிலிண்டர் வாயிலேயே கழற்றி, பொருத்தமான மூடி போட்டு இறுக்கிவிட்டுப் பெடலை மிதித்துப் பிடியுங்கள். அப்போதும் இறங்கினால் கோளாறு சிலிண்டருக்குள். இறங்கவில்லையா, கீழே சக்கரத்தில் பிரேக்கை இறுக்கும் காலிபர், அதற்குப் போகும் ஹோஸ் பக்கம் போங்கள்.

இது எனக்கு எப்படிப் பழக்கம் என்றால், நான் வேலை பார்த்த பயிற்சிப் பள்ளிக்கு வெளியிலிருந்து ஒரு பழைய 152 வாங்கி வந்தார்கள். வந்ததிலிருந்து இடது பிரேக் தகராறு. காலிபர் ஓ-ரிங் மாற்றினார்கள், ஹோஸ் மாற்றினார்கள். சிலிண்டரைப் பிரிக்கலாம் என்று நான் சொன்னதை, தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்ஸி போகும்போது, அதாவது தரையில் ஓட்டிச் செல்லும்போது, ஒரு மாணவருக்கு வண்டி வலது பக்கம் இழுத்துப் புல்லில் இறங்கிய பிறகுதான் "சரி, பிரி" என்றார். பிரித்தால் உள்ளே ஓ-ரிங் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரம் பிய்ந்து கிடந்தது. தேய்ந்த ஓ-ரிங் தட்டையாக, வறண்டு இருக்கும். இது அப்படி இல்லை.

கழித்துப்போட்ட அந்த ஓ-ரிங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வார விடுமுறைக்குக் காட்பாடி வண்டி ஏறினேன். வேலூர் சத்துவாச்சாரியில் என் தாய்மாமா வேன், அம்பாசிடர் பட்டறை வைத்திருந்தார். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தவரே இல்லை. விரலிடுக்கில் வைத்து நசுக்கினார், முகர்ந்தார். "இன்னா மாப்ளே, எவனோ ஆயில மாத்தி ஊத்திக்கிறான். பாட்டில்ல புடிச்சு ஒரு நாள் ஆடாம வெச்சுப் பாரு" என்றார். அவர் பட்டறையில் இதற்கு நேர்மாறாகப் பார்த்திருக்கிறார்: வேன் பிரேக்கில் என்ஜின் ஆயிலை ஊற்றி ரப்பர் கப் எல்லாம் வீங்கிப்போய் வந்தவர்கள்.

திரும்பிப் போனதும் இடது காலிபரிலிருந்து வடித்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து வைத்தேன். ஊற்றும்போது ஒரே கலங்கல் பழுப்பு. மறுநாள் காலை இரண்டு அடுக்கு: மேலே சிவப்பு, கீழே மஞ்சள். சிவப்பு, விமானத்துக்கு உரிய மில்-ஹெச்-5606, கனிம எண்ணெய். கீழே நின்றது கிளைக்கால் வகைக் கார் பிரேக் ஆயில். இந்த வகைச் சின்ன விமானங்களின் நைட்ரைல் ரப்பர் முந்தையதைத் தாங்கும், பிந்தையதைத் தாங்காது. முன்பு வைத்திருந்த இடத்தில் யாரோ அவசரத்துக்குக் காருக்கானதை ஊற்றியிருக்கிறார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் எல்லா ரப்பரும் மாற்றி, லைன்களைக் கழுவி, புதுச் சிவப்பு எண்ணெயைக் கீழே காலிபரிலிருந்து மேலே தள்ளி நிரப்பினோம். (மேலிருந்து கார் மாதிரி பம்ப் செய்தால் காற்று எங்கேயாவது பதுங்கும். அது மேலேறும் பொருள், அதன் வழியில் விடுங்கள்.) பிரேக் சரியானது.

"கார் மெக்கானிக்கை வைத்து விமானம் பழுது பார்க்கச் சொல்கிறான்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: அப்படி நான் சொல்லவில்லை. பிரித்ததும் சேர்த்ததும் லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்தில், சர்வீஸ் மானுவலைத் திறந்து வைத்துத்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரப்பரைத் தொட்டு நோய் சொல்ல மாமாவுக்குத் தெரிந்தது, எங்கள் பொறுப்பாளருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

ஊரில் இதற்கெல்லாம் என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை ஏரோநாட்டிகல் இன்ஜினியரா, பிளேன் மெக்கானிக்கா?" என்று கேட்டார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி, வருஷக்கணக்கில் லாக்புக் நிரப்பி வாங்கிய லைசென்ஸ் ஐயா அது, பி.இ. பட்டம் மட்டும் வைத்திருப்பவர் விமானம் பறக்கலாம் என்று விடுவித்துக் கையெழுத்துப் போட முடியாது என்று விளக்கினேன். தரகர் "அப்போ நம்ம வேலூர் அப்துல்லாபுரம் ஏர்போர்ட்ல வேலை கிடைக்குமா?" என்றார். இன்றும் கல்யாண வீடுகளில் அங்கே பிளேன் எப்போது இறங்கும் என்று என்னைத்தான் பிடிக்கிறார்கள், நான் என்னவோ கொடியசைக்கப் போகிறவன் மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் இதற்கு எதிர்க்கோளாறும் வரும்: பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடி இருக்கும், டிஸ்க் கொதிக்கும். பார்க்கிங் பிரேக் முழுதாக விடுபட்டதா, சிலிண்டர் தன் மேல்நிலைக்குத் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள். திரும்பாவிட்டால் சூட்டில் விரியும் எண்ணெய்க்குத் தொட்டிக்குப் போக வழி இருக்காது. காலிபர் நகரும் பின்களில் துருவும் தூசியும் சேர்ந்தாலும் இதே கதைதான். அங்கே கிரீஸ் தடவாதீர்கள், மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் லைனிங் (டிஸ்கில் உரசிப் பிடிக்கும் பிரேக் பட்டை) அளவு கேட்டிருந்தீர்கள். செஸ்னா மானுவல்படி 3/32 அங்குலத்துக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்றாமல் பார்க்க, 3/32 டிரில் பிட்டின் வால் பகுதியை லைனிங் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.