சேறா, கடலா? கோடைக் கடற்கரை கேள்வி பதில்

கேள்வி: நல்ல வெயில் என்று பார்த்துச் சனிக்கிழமை பிள்ளைகளோடு சவுத்எண்டுக்குப் போனோம். கடலைத்தான் காணவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. எந்த நேரம் போனால் தண்ணீர் இருக்கும்?
– ஈஸ்ட்ஹாம் வாசகி

வானிலையைப் பார்த்த நீங்கள், கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்லும் வற்றுப்பெருக்கு அட்டவணையையும் பார்த்திருக்கலாம். சவுத்எண்ட் இருப்பது லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில். கடலடி கிட்டத்தட்டத் தட்டை. நீர்மட்டம் ஐந்து மீட்டர் இறங்கினால் தண்ணீரின் விளிம்பு ஒரு மைலுக்கு அப்பால் போய்விடும். அங்குள்ள கடற்பாலம் 2.16 கிலோமீட்டர் நீளமாக இருப்பதும் இதனால்தான். வற்று நேரத்திலும் நீராவிக் கப்பல்கள் வந்து ஆட்களை இறக்க ஆழமான தண்ணீர் வேண்டியிருந்தது. இப்போதுள்ள இரும்புப் பாலம் 1889இல் திறக்கப்பட்டது. நடக்க முடியாதவர்களுக்கு அதன்மேல் குட்டி ரயில் ஓடுகிறது.

கடல் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பெருகும், பிறகு அதே அளவு நேரம் வற்றும். உச்சப் பெருக்கு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். சவுத்எண்டில் உச்சப் பெருக்குக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் பிள்ளைகள் குளிக்கத் தண்ணீர் இருக்கும். அதற்கேற்ப ரயில் ஏறுங்கள். வெஸ்ட்ஹாமிலோ பார்க்கிங்கிலோ சி2சி ரயிலுக்கு மாறினால் மேற்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் சவுத்எண்ட் சென்ட்ரல். கூட்டம் பிடிக்காதென்றால் தோர்ப் பே வரை போய் இறங்கலாம்.

நாள் குறிக்க, வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் சவுத்எண்டின் உச்சப் பெருக்கு பகல் ஒன்று, இரண்டு மணி வாக்கில் வரும். அட்டமியை ஒட்டிய நாட்களில் அது காலையிலும் மாலையிலும் போய்விடும், நண்பகலில் சேறுதான். நாளை இப்படித் தேர்ந்தபின் சரியான மணியை அட்டவணையில் பாருங்கள். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சிடப்படும், கோடையில் அவற்றோடு ஒரு மணி கூட்ட வேண்டும். இந்த அட்டமிக் கணக்கை அப்படியே வேறு ஊருக்குக் கொண்டு போகாதீர்கள், ஊருக்கு ஊர் நேரம் மாறும்.

வற்றிக் கிடக்கிறதே என்று சேற்றில் தூரம் நடப்பதும் வேண்டாம். திரும்பி வரும் தண்ணீர் முதலில் ஓடைகளில் ஏறி உங்கள் முதுகுப் பக்கமாக வந்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. பிரைட்டன் நல்லதா, மார்கேட் நல்லதா?
– ஹாரோ வாசகர்

மார்கேட். பிரைட்டனில் நிலையத்திலிருந்து கடலுக்கு இறக்கம், கால் மணி நேர நடை. திரும்பும்போது அதுவே ஏற்றம். கரை முழுவதும் கூழாங்கல், காலுக்கடியில் உருளும். தண்ணீருக்குள் நாலு அடி வைத்தாலே சட்டென்று ஆழம். மார்கேட்டில் நிலையத்தை விட்டு வந்ததும் எதிரே மணல். செயின்ட் பாங்க்ராஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். கடல் வற்றிக் கிடந்தாலும் வால்போல் பே குளத்தில் தண்ணீர் நிற்கும். 1937இல் கட்டிய, நாலு ஏக்கர் பரப்புள்ள கடல்நீர்க் குளம் அது. பாசி வழுக்கும், அம்மாவைக் கையில் பிடித்து இறக்குங்கள்.

5 முதல் 15 வயதுப் பிள்ளை ஒன்றாவது கூட வந்தால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு என்ற சலுகை அட்டையில் டிக்கெட் விலை பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். ஞாயிறென்றால் தண்டவாள வேலை உண்டா என்று முதல் நாளே பாருங்கள். ரயிலுக்குப் பதிலாக விடும் மாற்றுப் பஸ்ஸில் ஏறினால் அரை நாள் போச்சு.

கேள்வி: கேம்பர் சாண்ட்ஸ் அழகான மணல் என்கிறார்கள். ஆனால் அங்கே நம் பிள்ளைகள் இறந்ததை நினைத்தால் பயமாக இருக்கிறது. போகலாமா?
– இல்ஃபோர்ட் வாசகி

போகலாம், அந்தக் கடலின் குணம் தெரிந்து போக வேண்டும். 2016 ஆகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் அங்கே மூழ்கி இறந்தார்கள். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர்கள் இல்லை. அதன் பிறகே நியமித்தார்கள்.

கேம்பரில் கடல் வற்றும்போது வெகுதூரம் மணல் வெளிப்படும். அந்த மணல் ஒரே சமமாக இருக்காது. மேடு, அப்பால் பள்ளம், மறுபடி மேடு என்று கரைக்கு இணையாக ஓடும். வற்று நேரத்தில் பள்ளத்தைக் கணுக்கால் தண்ணீரில் கடந்து வெளி மேட்டுக்குப் போய் நிற்பீர்கள். பெருக்கு தொடங்கினால் தண்ணீர் முதலில் நிரப்புவது உங்களுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைத்தான். மேட்டில் இடுப்பளவு இருக்கும்போது பள்ளத்தில் தலைக்கு மேல் ஓடும். கரையை நோக்கி நடக்க நடக்க ஆழம் கூடுகிறதே என்ற கலக்கத்திலேயே பலர் தடுமாறிப் போகிறார்கள். நீச்சல் குளத்தில் பழகியவர்களுக்கும் இதே கதிதான்.

ஆகவே உச்ச வற்று எத்தனை மணி என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே முதல் பள்ளத்துக்குக் கரைப்பக்கமாக வந்துவிடுங்கள். மேல்பாதி சிவப்பும் கீழ்பாதி மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். உயிர்காப்பாளர் கண் வைத்திருப்பது அந்த இடத்தில்தான். தனிச் சிவப்புக் கொடி என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. கறுப்பு-வெள்ளைச் சதுரக் கொடி அலைப்பலகைக்காரர்களுக்கு உரியது.

மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தி மூச்சை வீணாக்க வேண்டாம். காது நனையும்படி தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மிதக்க வேண்டும், கைகளை மெல்ல அசைத்தால் போதும். மூச்சு சீரானதும் கையை உயர்த்திக் கூப்பிடலாம். கரையில் நிற்பவர் 999ஐ அழைத்துக் ‘கோஸ்ட்கார்ட்’ (கடலோரக் காவல்) என்று கேட்க வேண்டும். காப்பாற்ற என்று பின்னால் குதிக்கக் கூடாது. சேலை, சுடிதார், ஜீன்ஸோடு இடுப்புக்கு மேல் தண்ணீருக்குள் போகாதீர்கள். நனைந்த துணி காலைச் சுற்றிக்கொண்டு இழுக்கும்.

கேள்வி: மகனுக்குக் காற்றடைத்த படகு வாங்கினோம். கடலில் விடலாமா?
– டூட்டிங் வாசகர்

வேண்டாம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுத்தான் எமன். அப்போது கரையோரம் அலையே இல்லாமல் கடல் சாந்தமாகத் தெரியும், படகோ நிமிடத்தில் கைக்கு எட்டாத தூரம் போய்விடும். கம்பத்தில் செம்மஞ்சள் காற்றுப்பை (காற்றின் திசை காட்டும் துணிக்குழல்) பறந்தால் மிதவைகளுக்குத் தடை என்று பொருள். படகை வீட்டுத் தோட்டத்தில் நீர் நிரப்பி விளையாடக் கொடுங்கள்.

கேள்வி: சோறு கட்டிக்கொண்டு போனால் கெட்டுவிடாதா? கரையில் இறைச்சி சுடலாமா?
– வெம்ப்ளி வாசகி

சூடான சோற்றை அப்படியே பெட்டியில் அடைத்தால்தான் கெடும். முதல் நாள் இரவே சமைத்துத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் குளிர்பெட்டிக்கு மாற்றி, உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களை மேலே அடுக்குங்கள், குளிர் கீழே இறங்கும். புளிச்சோறு தாங்கும். தேங்காய்ச் சம்பலை விட்டுவிடுங்கள்.

ஒருமுறை பாவிக்கும் சுடுதட்டுகளைப் பல கரைகளில் தடை செய்திருக்கிறார்கள், அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அனுமதி உள்ள இடத்திலும் கரியை மணலில் புதைக்கக் கூடாது. மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அடுத்து ஓடி வரும் குழந்தையின் பாதம் வெந்துவிடும். தண்ணீர் ஊற்றி முழுதாக அணையுங்கள். கடற்காகங்கள் பின்பக்கமிருந்துதான் வந்து பறிக்கும், முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: 27 பாகை என்று சொன்னார்கள், கடலில் கால் வைத்தால் ஐஸ். ஏன்?
– ஹேய்ஸ் வாசகர்

27 என்பது காற்றின் வெப்பம். ஆங்கிலக் கால்வாயில் தண்ணீர் ஜூனில் 13 முதல் 15 பாகை, ஆகஸ்டில் 17, 18தான். திடீரென்று குதித்தால் மூச்சுத் திணறும். கால், கை, முகம் என்று நனைத்து மெல்ல இறங்குங்கள், முதல் ஒன்றரை நிமிடம் நீந்த வேண்டாம்.

கேள்வி: மணலில் நடந்த மகளின் காலில் ஏதோ குத்தி, துடிதுடித்துப் போனாள். ஐஸ் வைத்தும் கேட்கவில்லை. என்ன அது?
– குரோய்டன் வாசகி

பெரும்பாலும் வீவர் மீனாக இருக்கும். வற்று நேரத்தில் ஆழமில்லாத மணலுக்குள் புதைந்து, முதுகின் கறுப்பு முள்ளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நஞ்சு சூட்டில் சிதையும், அதனால் ஐஸ் பலன் தராது. தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் பாதத்தை அரை மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். சூட்டை முதலில் உங்கள் முழங்கையால் பாருங்கள், வலியில் பிள்ளைக்குச் சூடு உறைக்காது. தண்ணீர் ஆற ஆறப் புதிது ஊற்றுங்கள். முள் தெரிந்தால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். உயிர்காப்பாளரிடமோ கரையோரத் தேநீர்க் கடையிலோ கேட்டால் சுடுநீர் தருவார்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ 999. அடுத்த முறை அடி தடித்த கடற்கரைச் சப்பாத்து போட்டு அனுப்புங்கள்.