ஊருக்கு ஒரே மதிப்பெண் போதுமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊராட்சி, சுமார் 420 வீடுகள். கஜா புயல் அன்று யார் வீட்டுக்கு முதலில் ஓடுவது என்று தெரியாமல் தவித்தோம். இனி அப்படி ஆகக் கூடாது என்று மகளிர் குழுவும் இளைஞர்களும் சேர்ந்து வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறோம். 64 கேள்விகள் தயார். முடிவில் ஊரின் நலனுக்கு ஒரு மதிப்பெண் போட்டு கிராம சபையில் வைக்கலாமா?

பதில்: நல்ல வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். அந்த ஒற்றை மதிப்பெண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். மெயின் ரோட்டு மாடி வீட்டையும் வாய்க்கால் கரைக் கூரை வீட்டையும் கூட்டி வகுத்தால் 'பரவாயில்லை' என்று ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு புயல் இரவில் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? எதை எண்ணினாலும் தெருவாரியாக எண்ணுங்கள். டெல்டாவில் ஊர்த்தெருவும் காலனியும் இன்னும் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சிசு மரண விகிதம் போன்றவற்றை ஊர் அளவில் போடாதீர்கள். ஆண்டுக்கு 12 பிரசவம் நடக்கும் ஊரில் ஒரு குழந்தை இறந்தாலே ஆயிரத்துக்கு 83 என்று வரும், அடுத்த ஆண்டே பூஜ்யமாகும். அந்த ஒரு சாவு ஏன் நடந்தது என்று உட்கார்ந்து விசாரிப்பதே உருப்படியான வேலை.

64 கேள்வி மிக அதிகம். இருபதாவது கேள்விக்குள் பதில் சொல்பவர் அடுப்பைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பிள்ளைகளின் எடை அங்கன்வாடியிலும், வருகைப் பதிவு பள்ளியிலும், கர்ப்பிணிகள் கணக்கு கிராம சுகாதாரச் செவிலியரிடமும் இருக்கிறது. பெயர் இல்லாமல் எண்ணிக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.

நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் குறியீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று தோன்றும். அதில் எரிவாயு, கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு என்று 12 குறிகள். 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் வறியவர்கள் 2.20 சதவீதம்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டில் கடன் இல்லை. சிலிண்டரும் கழிப்பறையும் கரண்டும் உள்ள ஒரு வீடு வாரத் தவணையில் மூழ்கிக்கொண்டிருக்கலாம். 'ஒரு தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கினீர்களா?', 'அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போனதா?' இந்த இரண்டையும் கட்டாயம் சேருங்கள்.

அப்புறம் சாப்பாடு. 'கஷ்டமா?' என்று கேட்டால் நம் பக்கம் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். ஒருமுறை ஒரு திண்ணையில் உட்கார்ந்து நான் அப்படிக் கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் சாப்புடுறோம்" என்றார் அந்த அம்மா. பிறகு போன ஏழு நாளையும் ஒவ்வொரு நாளாகக் கேட்டுக்கொண்டு போனேன். "ராத்திரி புள்ளைங்களுக்குப் போட்டுட்டு நான் நீராகாரத்தைக் குடிச்சிட்டுப் படுத்துக்குவேன்." எத்தனை நாள்? விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலு."

இதை அளக்க உலக உணவுத் திட்ட அமைப்பு பல நாடுகளில் பயன்படுத்தும் ஐந்து கேள்விகள் உண்டு. கடந்த ஏழு நாளில் மலிவான உணவுக்கு மாறியது, அளவைக் குறைத்தது, வேளையைக் குறைத்தது: இவை ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 1 மதிப்பெண். உணவைக் கடனாகவோ பிறர் உதவியாகவோ வாங்கியது: 2. பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்துக்கொண்டது: 3. ஏழு நாளுக்கும் சேர்த்து அதிகபட்சம் 56; எண் கூடக் கூடக் கஷ்டம் அதிகம். அந்த அம்மாவின் நாலு ராத்திரிக்கு மட்டும் 12 வருகிறது. குடும்பத்தலைவரிடம் கேட்காதீர்கள், சோறு போடுபவரிடம் கேளுங்கள்.

புயல் பட்டியலைத் தனியாக வையுங்கள். தனியே இருக்கும் முதியவர், நடக்க முடியாதவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆண்கள் திருப்பூர் போய்விட்ட வீடு, கூரையின் வகை. இதற்கு மதிப்பெண் வேண்டாம், பெயரும் வீடும் வேண்டும். சம்மதம் கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டு பொறுப்பான இரண்டு பேர் கையில் மட்டும் இருக்கட்டும். கிராம சபைக்குத் தெருவாரி எண்ணிக்கை போதும். ஒரு தெருவில் நாலைந்து வீடுதான் என்றால் பக்கத்துத் தெருவோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் யார் வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். கஜா வேதாரண்யம் அருகே கரையேறியது 2018 நவம்பர் 16 அதிகாலை, ஐப்பசி முடியும் நேரம். நடவு முடிந்து, அறுப்பு தொடங்காமல், கூலிக்காரர் கை வறண்டிருக்கும் காலம் அது. ஆகவே ஐப்பசியில் ஒருமுறை, தை அறுப்பு ஓய்ந்து மாசியில் ஒருமுறை, அதே கேள்விகளை அதே வீடுகளில் கேளுங்கள். மாசியிலும் ஒரு தெருவின் சாப்பாட்டு எண் இறங்கவில்லை என்றால் பருவத்தின் மேல் பழி போட முடியாது. அந்தத் தெருவின் கடன் பதில்களை முதலில் எடுத்துப் பாருங்கள்.

அச்சடிக்கும் முன் பத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். வாய்க்கால் கரையின் கடைசி வீட்டில் தொடங்குங்கள்.