‘மாக்’ என்ற சொல்லும் பழிப்புக் காட்டுதலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துவருகிறேன். திக்கிப் பேசும் சிறுவனை உடன் படிப்பவன் ‘மாக்’ (mock) செய்வதாக அதில் வருகிறது. அகராதி ‘கேலி செய்’ என்கிறது. ஆனால் ‘மாக் டெஸ்ட்’ என்னும் மாதிரித் தேர்வில் கேலி எங்கே இருக்கிறது? ஒரே சொல்லுக்கு இவ்விரு பொருளும் எப்படி வந்தன? நான் எதை எழுதுவது?

க.

அன்புள்ள க.,

போலி என்ற பொருளிலிருந்து கேலி பிறந்திருக்கும் என்றே முதலில் தோன்றும்; நடந்தது நேர்மாறானது. பழைய பிரெஞ்சிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அச்சொல் ஏளனம் செய்வதையும் ஏமாற்றுவதையுமே குறித்தது. ஒருவரை ஏளனம் செய்பவர் பெரும்பாலும் அவரைப் போலவே பேசியும் நடந்தும் காட்டுவார் என்பதால், அடுத்த நூற்றாண்டில் ‘போலச் செய்தல்’, ‘போலியான’ என்ற பொருள்களும் அதில் ஏறின. பிறகு சில இடங்களில் ஏளனம் முற்றிலும் உதிர்ந்துவிட்டது. ஆமைக்குப் பதிலாகக் கன்றின் தலையை வேகவைத்துச் செய்த ‘மாக் டர்ட்டில் சூப்’ யாரையும் பழிக்கவில்லை. பிற பறவைகளின் குரலை எடுத்துப் பாடும் அமெரிக்காவின் மாக்கிங்பேர்டும் அப்படியே. வாக்குப்பதிவுக்கு முன் முகவர்கள் எதிரில் குறைந்தது 50 வாக்குகளைப் போட்டு இயந்திரத்தைச் சோதிக்கும் ‘மாக் போல்’ என்பதை நாம் ‘மாதிரி வாக்குப்பதிவு’ என்கிறோம். இத்தகைய இடங்களுக்கு ‘மாதிரி’யே போதும்.

இரு பொருளும் பிரிக்க முடியாமல் கலந்து நிற்கும் இடம் மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரம். போர்வீரர்கள் இயேசுவுக்கு முள்முடி சூட்டி, கையில் ஒரு கோலைக் கொடுத்து, முன்னால் முழங்காலிட்டு, யூதருடைய ராஜாவே வாழ்க என்கிறார்கள். அரசனுக்குரிய மரியாதை முழுவதையும் போலியாகச் செய்வதே அங்கே ஏளனம். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அதற்கு ‘மாக்’ என்ற சொல்லே நிற்கிறது. தமிழ் விவிலியம் ‘பரியாசம்பண்ணி’ என்கிறது. அது நல்ல சொல்தான், ஆனால் அந்த நடிப்பு அதில் இல்லை.

கேலியிலும் கிண்டலிலும் நட்புக்கும் இடம் உண்டு. நகை பிறக்கும் நான்கு களங்களில் முதலாவதாகத் தொல்காப்பியம் சொல்லும் எள்ளல், இகழும் மனத்தைச் சொல்கிறது. உடல் செய்வதைச் சொல்வதில்லை. உங்கள் கதையில் அந்த மாணவன் வாயைக் கோணித் திக்கிக் காட்டுகிறான் என்றால், அதற்கு நம் வீடுகளில் வழங்கும் சொல் ‘பழிப்புக் காட்டுதல்’. சில ஊர்களில் இதையே அழகு காட்டுதல் என்றும் வக்கணை காட்டுதல் என்றும் சொல்வார்கள். இகழ்ச்சியையும் நடித்துக் காட்டுதலையும் ஒருங்கே தாங்கும் இத்தகைய சொற்களை விட்டுவிட்டு, எல்லா இடத்திலும் ‘கேலி செய்தான்’ என்று எழுதிப் போவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஆகவே, ‘அவனைப் போலவே திக்கிப் பழிப்புக் காட்டினான்’ என்று எழுதுங்கள். கதையில் பின்னால் தலைமையாசிரியரின் விசாரணையையும் அதே சொல்லின் பெயர்ச்சொல் வடிவத்தால் ஆசிரியர் குறித்திருந்தால், அங்கே மட்டும் ‘கேலிக்கூத்து’ பொருந்தும்.