வெளுத்துப்போன பவளம் இறந்துவிட்டதா?

உடனே இறப்பதில்லை. திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகின்றன. கடல்நீர் கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே போதும். பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். நிறமிழந்த திசு வழியே உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு பளிச்சென்று தெரியும். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் நிறம் திரும்பும். தணியாவிட்டால் பட்டினிச் சாவுதான்.

மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் பவளங்கள் இப்படித்தான் வெளுத்தன. பொதுவாக, மான்கொம்புபோல் கிளைவிடும் அக்ரோபோரா முதலில் மடியும். உருண்டு திரண்ட போரைட்டஸ் தாக்குப்பிடிக்கும்.

கடல்நீர் அமிலமாதல் இன்னொரு சத்தமில்லாத தொல்லை. கரியமில வாயு கடலில் கரையக் கரைய, கூடு கட்டத் தேவையான கார்பனேட் அயனிகள் குறைகின்றன. வெளுத்து மீண்ட பவளமும் மெதுவாகவே வளரும். போதாததற்குக் கழிவுநீரும் சேற்றுக் கலங்கலும் வேறு; இவற்றையாவது உள்ளூரிலேயே தடுக்கலாம்.