எழுதி வைத்தால் போதுமா?

கேள்வி: என் சிறுகதைகளை வலைத்தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறேன். “செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு அனுமதி இல்லை” என்று அடியில் எழுதிவிட்டால் பாதுகாப்புதானே? (வாசகி, ஈசூன்)

பதில்: இல்லை அம்மா. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம், 244ஆம் பிரிவில், கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காக (செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தருவதும் இதில் அடங்கும்) படைப்புகளை நகலெடுக்க இடம் தருகிறது. வணிக நோக்கமானாலும் தடையில்லை. ஒப்பந்த வாசகம் எழுதியும் அதைப் பறிக்க முடியாது. எழுத்தாளர் பக்கம் சாய்ந்த பிரிவு என்று நான் சொல்ல மாட்டேன்! ஆனால் நகலெடுப்பவர் படைப்பைச் சட்டப்படி அணுகியிருக்க வேண்டும். கட்டணப் பூட்டை உடைத்து நுழைந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. புதிய கதைகளையாவது சந்தாதாரருக்கு மட்டும் திறந்து வையுங்கள். உங்கள் கதையை இன்னொருவர் அப்படியே அச்சிட்டு விற்றால், அது வேறு வழக்கு. அதில் சட்டம் உங்கள் பக்கம்.