படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்லயே தடுப்பூசி போட முடியுமா?

மாமியார் 2 வருஷமா படுக்கையில இருக்காங்க, ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடணும்னு டாக்டர் சொல்றாரு, தூக்கிட்டுப் போக பயமா இருக்கு, வீட்லயே போட்டா சேஃப் தானான்னு கேட்டிருக்கீங்க.

போடலாம். எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்து 6 வருஷம் ஆச்சு, பேச்சும் வராது. முதல் வருஷம் மட்டும் நாலு பேரு சேர்ல வச்சு மாடிப்படி வழியா இறக்கி கொண்டு போனோம், திரும்பி வந்ததுக்கப்புறம் ரெண்டு நாள் அவர் எதுவும் சாப்பிடல, அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம் இனிமே ஊசின்னா கட்டில்லதான்னு. நான் டாக்டரும் இல்ல நர்சும் இல்ல, பக்கத்துல நின்னு கையப் புடிச்சுக்கிட்டு இருந்த ஆளு. அந்த அளவுக்கு சொல்றேன்.

முதல்ல யாரக் கேக்கறதுன்னு. நாங்க எங்கெங்கயோ போன் பண்ணிட்டு இருந்தோம், ஆனா மாசாமாசம் யூரின் ட்யூப் மாத்த ஒரு சிஸ்டர் வீட்டுக்கே வந்துட்டு இருந்தாங்க, அவங்களக் கேக்கணும்னு எனக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் தோணுச்சு. கேட்டா, "இத ஏன் முன்னாடியே சொல்லல, டாக்டர் எழுதிக் கொடுத்தா அடுத்த தடவ வரும்போதே கொண்டு வந்துடுவேனே"ன்னாங்க. அதனால உங்க வீட்டுக்கு புண்ணுக்கு கட்டு மாத்தவோ, ரத்தம் எடுக்கவோ ஏற்கனவே யாராவது வர்றாங்கன்னா அங்க ஆரம்பிங்க. இல்லன்னா வழக்கமா பாக்கற டாக்டர்கிட்ட "நடக்க கஷ்டம்"னு சொல்லாதீங்க, அத கேட்டுட்டு மெதுவா கூட்டிட்டு வாங்கன்னுதான் சொல்லுவாங்க. கட்டில்ல இருந்து தானா எந்திரிக்க முடியாது, உக்கார வச்சா இவ்ளோ நேரம்தான் தாங்குவாங்க, தூக்க ரெண்டு பேரு வேணும், இப்படி சொல்லுங்க.

ஊசி குத்தறது அர நிமிஷ வேலை. மருந்து கெடாம உங்க வீட்டு வாசல் வரைக்கும் வர்றதும், போட்டதுக்கு அப்புறம் 15 நிமிஷம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பக்கத்துல இருக்கறதும்தான் நீங்க கவனிக்க வேண்டியது.

மருந்து 2 டிகிரிலேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். சூடானா கெடும்னு எல்லாருக்கும் தெரியும், உறைஞ்சாலும் கெடும்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சது. ரெண்டாவது வருஷம் வேற ஒரு இடத்துல சொல்லி ஒருத்தர் வந்தாரு, பாக்ஸத் திறந்தா கல்லு மாதிரி உறைஞ்ச ஐஸ் பேக் மேலயே ஊசி ஒட்டிக்கிட்டு கிடக்கு, அட்டைப் பெட்டி ஓரத்துல வெள்ளையா பனி பூத்திருக்கு. "நல்லா ஜில்லுனு இருக்கு சார், இதுதான் நல்லது"ன்னாரு. எனக்கு மனசு ஒப்பல, டாக்டருக்கு போன் போட்டேன், போட வேணாம் திருப்பி அனுப்புங்கன்னுட்டாரு. வந்தவருக்கு கோவம்தான், பரவால்ல. ஃப்ளூ ஊசி உறைஞ்சிட்டா தூக்கிப் போட வேண்டியதுதான், சில தடுப்பூசியில இருக்கற அலுமினிய உப்பு உறைஞ்சா திரிஞ்சு கட்டியாயிடும், மறுபடி உருக வச்சாலும் பழைய மாதிரி வேலை செய்யாது. அதனால ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவுல ஏதாவது தடுப்பு இருக்கா, பாக்ஸ்ல தெர்மாமீட்டர் இருக்கான்னு பாருங்க, கூச்சப்படாதீங்க. நீங்களே வாங்கி வைக்கற மாதிரி இருந்தா ஃப்ரிட்ஜ் கதவுலயும் வைக்காதீங்க, ஃப்ரீசர ஒட்டியும் வைக்காதீங்க, நடுத்தட்டுல வைங்க.

2021ல கோவிட் ஊசி வந்தப்ப வீட்ல இருக்கறவங்க அவ்ளோ நாள் காத்துக் கெடந்ததுக்கும் ஒரு காரணம் மருந்து வீணாப் போற இந்த விஷயம்தான். அப்ப போட்ட ஆஸ்ட்ராஜெனகா கோவிட் ஊசி பாட்டில் ஒண்ணுல 8, 10 பேருக்கான மருந்து இருந்துச்சு, மருந்து எடுக்க ஊசி ஒரு தடவ பாட்டிலுக்குள்ள போயிட்டா 6 மணி நேரத்துக்குள்ள முடிச்சாக வேண்டியிருந்துச்சு, ஒருத்தருக்காக திறந்தா மிச்சம் வீணு. ஃப்ளூ ஊசி நிறைய ஒரு ஆளுக்கு ஒரு சிரிஞ்சுன்னு ரெடியாவே வருது, அந்தத் தொல்லை இல்ல.

அடுத்து அந்த 15 நிமிஷம். உயிருக்கு ஆபத்தான அலர்ஜி ரொம்ப ரொம்ப அபூர்வம், சுமாரா 10 லட்சம் டோஸுக்கு ஒண்ணுன்னு கணக்கு. ஆனா வந்தா நிமிஷக் கணக்குல வரும், அதுக்கு மருந்து அட்ரினலின், தொடையில போடணும். அதனால ஊசி போடறதுக்கு முன்னாடியே "பையில அட்ரினலின் இருக்கா"ன்னு கேட்டுடுங்க, இல்லன்னா அன்னிக்கு போட வேண்டாம். எங்க சிஸ்டர் இந்தக் கேள்விக்கு கோச்சுக்கல, எடுத்துக் காட்டி எக்ஸ்பைரி தேதியும் படிச்சுக் காமிச்சாங்க. முன்னாடி ஏதாவது தடுப்பூசிக்கு மூச்சுத்திணறல் மாதிரி பெருசா வந்திருந்தா மட்டும் வீட்ல வேண்டாம், அவங்களுக்கு ஆஸ்பத்திரிதான்.

பேச முடியாதவங்கன்னா அந்த 15 நிமிஷம் நாமதான் அவங்க வாய். உதடு, முகம் வீங்குதா, உடம்புல தடிப்பு வருதா, மூச்சுல விசில் சத்தம் கேக்குதா, வெளிறிப் போறாங்களா. நான் அப்பா நெஞ்சு ஏறி இறங்கறதயே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன், சிஸ்டர் அந்த நேரத்துல நோட்டு எழுதுவாங்க, அப்பா எங்க ரெண்டு பேரயும் மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு "என்னடா பெரிய கூத்து இது"ன்ற மாதிரி ஒரு மூஞ்சி வச்சிருப்பாரு.

எங்க போடறதுன்னு ஒரு விஷயம். வழக்கமா தோளுக்குக் கீழ சதையிலதான். படுத்தே இருக்கறவங்களுக்கு அங்க சதை வத்திப் போயிருக்கும், சிஸ்டர் அப்பா கைய ரெண்டு விரலால புடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போர்வைய விலக்கி தொடையோட வெளிப்பக்கம் போட்டாங்க. புரட்டிப் படுக்க வைக்கறப்ப இடுப்புலயே போட்டுடலாமேன்னு எங்க சித்தப்பா கேட்டாரு, கூடாதாம், கொழுப்புல போயிட்டா சரியா பிடிக்காது, நரம்புல பட்டுடற பயமும் இருக்கு, இதுல படுக்கைப் புண்ணு வேற இருந்தா கேக்கவே வேணாம். மார்பக ஆப்பரேஷன்ல அக்குள்ள நெறிக்கட்டி எடுத்திருந்தா அந்தப் பக்கக் கை வேண்டாம்னும் சொல்லிடுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்கன்னா அதையும் கண்டிப்பா முன்னாடியே சொல்லணும். அப்பா சாப்பிடறாரு, அதனால மெல்லிசு ஊசிதான் போட்டாங்க, போட்ட இடத்த தேய்க்காம 2 நிமிஷம் அமுக்கியே புடிக்கச் சொன்னாங்க. மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க.

என்னென்ன போடணும்னு டாக்டர்தான் சொல்லணும், ஆனா இத எல்லாம் கேட்டு வச்சுக்கோங்க. ஃப்ளூ வருஷா வருஷம், ஏன்னா வைரஸ் மாறிக்கிட்டே இருக்கும், போட்டு 2 வாரம் ஆகும் எதிர்ப்பு சக்தி வர. நிமோனியா ஊசியில பல வகை இருக்கு, சிலது ஒண்ணே போதும், சிலதுக்கு அப்புறம் இன்னொண்ணு போடணும், முன்னாடி எது போட்டாங்கன்னு பேரு தெரிஞ்சா நல்லது. அக்கிக்கு இப்ப வர்ற ஊசி ரெண்டு டோஸ், 2லேர்ந்து 6 மாசம் இடைவெளி. டெட்டனஸ் பூஸ்டர் 10 வருஷத்துக்கு ஒண்ணு, படுக்கைப் புண் இருக்கறவங்களுக்கு இத மறந்துடறாங்க. ஃப்ளூவும் நிமோனியாவும் ஒரே நாள்ல வேற வேற இடத்துல போட்டுக்கலாம், அப்பாவுக்கு அப்படித்தான். அக்கி ஊசிக்கு காய்ச்சலும் அசதியும் கொஞ்சம் ஜாஸ்தின்னு அத தனியா வச்சோம், அது எங்க சவுரியம். சாதாரண சளிக்காக தள்ளிப் போட வேண்டாம், நல்ல காய்ச்சல் இருந்தா பொறுங்க. வராத காய்ச்சலுக்கு முன்னாடியே பாராசிட்டமால் கொடுக்கவும் வேண்டாம்.

வெளியவே போகாத மனுஷனுக்கு எதுக்கு ஃப்ளூ ஊசின்னு கேக்கறவங்க இருக்காங்க. அவர் போக மாட்டாரு, நாம போறோமே. நம்ம சளி அவருக்கு வந்தா அவரால இருமித் துப்ப முடியாது, சளி நெஞ்சுலயே தங்கி நிமோனியாவுல கொண்டு போய் விட்டுடும்.

இன்னொண்ணு, மாமியார்கிட்ட கேட்டீங்களா? படுக்கையில இருக்கறவங்கள நாம கேக்கறதே இல்ல. ஒரு வருஷம் அப்பா சிஸ்டரப் பாத்ததும் இடது கைய போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டாரு, ரெண்டு தடவ சொல்லிப் பாத்தோம், கை வெளிய வரல. சிஸ்டர் பாக்ஸ மூடிட்டு அடுத்த வாரம் வர்றேன்னு போயிட்டாங்க. அடுத்த வாரம் அவரே நீட்டினாரு. ஞாபக மறதி இருக்கறவங்கன்னா முடிவு நீங்களும் டாக்டரும் சேந்து எடுக்க வேண்டி வரும், அப்பவும் என்ன பண்ணப் போறோம்னு அவங்க காதுல சொல்லிட்டு பண்ணுங்க.

காலி அட்டைப் பெட்டிய தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பேரு, பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தெரியற மாதிரி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, அடுத்த டாக்டர் கேட்டா முழிக்க வேண்டாம். போட்ட ஊசிய அவங்களே எடுத்துட்டுப் போயிடணும், குப்பையில போடாதீங்க.

ஃப்ளூ சீசன் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சொல்லி வைங்க, வீடு வீடா போறவங்க நாள் பிரிச்சு ரூட் போடறதுக்கு டைம் எடுக்கும். உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் சேத்து சிரிஞ்சு கொண்டு வரச் சொல்லிடுங்க, சிஸ்டர் எப்படியும் வரத்தானே போறாங்க.