இளவரசி அனிமேஷன் படங்களில் குடும்பமும் பண்பாடும் உண்மையாக வந்த படம் எது?

என் பதில் டிஸ்னியின் ‘மோவானா’ (2016). பசிபிக் தீவு ஒன்றின் தலைவருடைய மகள் கடல் தாண்டிப் போகிற கதை.

எனக்குக் குளச்சல் பக்கம், கடலுக்குப் போகிற குடும்பம். அதனால்தானோ என்னவோ, தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்று மறிக்கும் மோவானாவின் அப்பா டூயி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இள வயதில் அவரும் தாண்டிப் போனவர்தான். கூடப் போன நண்பனை அலையிலிருந்து காப்பாற்ற முடியவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு எங்கள் கரையில் இந்தப் பயம் இல்லாத வீடு ஏது? என் அத்தான் இன்றும் தொழிலுக்குப் போகிறார். மகன் வள்ளத்தில் கை வைத்தாலே, “மக்களே, நீ போய்ப் படி. இது என்னோட போட்டும்” என்பார். படம் ஓடும்போது ஒரு ஓரமாக வலையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தவர், டூயி மகளைத் தடுக்கும் இடத்தில் தலை நிமிர்ந்து, “அவரு சொல்லுததுல என்ன தப்பு?” என்று கேட்டார்.

டிஸ்னியின் முந்தைய நாயகிகள் ஏரியல், பெல், ஜாஸ்மின், போகாஹொன்டாஸ் எல்லோரும் அம்மா இல்லாத பிள்ளைகள். மோவானாவுக்கு அம்மா உண்டு, பாட்டியும் உண்டு. மகள் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டுவதை அம்மா சீனா பார்த்துவிடுகிறாள். தடுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, கூடவே உட்கார்ந்து கட்டிக் கொடுக்கிறாள். விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு கட்டித் தரும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, படத்திலேயே பெரிய காட்சி அதுதான். பாட்டி தாலா குகைக்குள் மறைந்திருக்கும் பழைய மரக்கலங்களைக் காட்டி, நம் முன்னோர் கடலோடிகள் என்று பேத்திக்குப் புரியவைப்பதும் அப்படித்தான்.

சரி, பண்பாடு. 1992-இல் வந்த ‘அலாதீன்’ பாட்டில் அரபு மக்களை இழிவாகக் காட்டும் வரி இருந்தது. எதிர்ப்பு வந்த பிறகுதான் வீடியோவில் மாற்றினார்கள். ‘மோவானா’வுக்கோ பசிபிக் தீவுக்காரர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவே இருந்தது. இருந்தும் பல தீவுகளின் வழக்கங்களை ஒரே கற்பனைத் தீவில் கலந்துவிட்டார்கள் என்று அங்குள்ளவர்களில் பலர் வருத்தப்பட்டார்கள். தூத்தூரையும் ராமேஸ்வரத்தையும் ஒரே ஊராகக் காட்டினால் நாம் சும்மா இருப்போமா? மோவானாவுக்குத் துணையாக வரும், உடம்பெல்லாம் பச்சை குத்திய தெய்வ வீரன் மாவுயின் உருவத்தைக் குறை சொன்னவர்களும் உண்டு. பச்சை குத்திய தோல் மாதிரி பிள்ளைகளுக்கு விற்ற மாவுய் உடையை எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள்.

அடுத்த ஆண்டே நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியிலும் படத்தை வெளியிட்டார்கள். தாலா பேசுவதை அங்குள்ள பிள்ளைகள் தங்கள் பாட்டியின் மொழியிலேயே கேட்க முடிந்ததே, அதற்காகவே இந்தப் படத்தை முதலில் சொல்வேன்.